எத்தனை பேர் சேர்ந்தால் ஊர் நகரமாகும்?

கேள்வி: ஓர் ஊரில் 18,000 பேர் இருந்தும் ஊராட்சியாகவே இருக்கிறது. மக்கள்தொகை எவ்வளவு ஆனால் நகரமாகும்?

பதில்: தலையை மட்டும் எண்ணினால் போதாது. எல்லைக்கோடும் நாட்டுக்கு நாடு வேறு. டென்மார்க்கில் வீடுகளுக்கிடையே 200 மீட்டருக்கு மேல் இடைவெளி இல்லாமல் 200 பேர் வசித்தாலே, புள்ளிவிவரக் கணக்கில் அது நகர்ப்புறம். ஜப்பானில் ‘ஷி’ என்ற நகரத் தகுதிக்குப் பொதுவாக 50,000 பேர் வேண்டும்.

இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு மூன்றைப் பார்க்கிறது: குறைந்தது 5,000 பேர், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், முதன்மைத் தொழிலாளர்களான (ஆண்டில் ஆறு மாதமாவது வேலை செய்த) ஆண்களில் 75 சதவீதம் பேர் விவசாயம் அல்லாத வேலையில் இருப்பது. பெரிய கிராமங்கள் கோட்டை விடுவது மூன்றாவதில்தான். அந்த 18,000 பேரில் முதன்மைத் தொழிலாளர்களான ஆண்கள் 5,000 பேர் என்றால், 3,750 பேராவது வயலுக்கு வெளியே சம்பாதிக்க வேண்டும். 3,700 என்றால் கிராமமே.

மூன்றிலும் தேறினாலும் நிர்வாகம் தானாக மாறிவிடாது. ‘சென்சஸ் டவுன்’ என்று குறிப்பது கணக்கெடுப்புத் துறை. பேரூராட்சி, நகராட்சி என்று அறிவிப்பது மாநில அரசு. 2011 கணக்கெடுப்பின் 7,935 நகரங்களில் 3,894 இப்படி ஏட்டளவில் மட்டும் நகரமானவை. 2001இல் இந்த வகை 1,362தான். சாக்கடை, குப்பை, அடுக்குமாடி அனுமதி என நகரத்துத் தலைவலி முழுதும் வந்திருக்கும். அதைக் கையாளும் ஆள்பலம் வந்திருக்காது. தரம் உயர்த்துவதை ஊர்க்காரர்களே எதிர்ப்பதும் உண்டு. சொத்து வரி ஏறும், ஊரக வேலைத் திட்டம் கைவிட்டுப் போகும் என்ற அவர்கள் கணக்கும் நியாயமானதே.

கேள்வி: மக்கள் குறைந்தால் நகரத் தகுதி பறிபோகுமா?

பதில்: பெரும்பாலும் போகாது. ஜப்பானின் ஹொக்கைடோவில் உள்ள உதாஷினாய், நிலக்கரிச் சுரங்கங்கள் மூடப்பட்டபின் சுமார் 3,000 பேராகச் சுருங்கியது. இன்றும் அது ‘ஷி’தான். செலவுதான் சிக்கல். குழாயும் சாலையும் பழைய நீளத்திலேயே கிடக்க, வரி கட்டுவோர் மட்டும் குறைகிறார்கள். அக்கம்பக்க அமைப்புகளை இணைப்பது ஒரு வழி. டென்மார்க் 2007இல் 271 உள்ளாட்சிகளை 98 ஆக்கியது. இணைத்தால் அலுவலகம் தூரமாகும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கேள்வி: வார்டு எல்லைகளை ஏன் அடிக்கடி மாற்றுகிறார்கள்?

பதில்: 60,000 பேர், 30 வார்டு என்றால் சராசரி 2,000. பத்து சதவீத ஏற்ற இறக்கம் அனுமதித்தால் ஒவ்வொரு வார்டும் 1,800க்கும் 2,200க்கும் இடையில் அமைய வேண்டும். பத்தாண்டில் கடைவீதிப் பகுதி காலியாகி 1,000க்கு இறங்கும். புறநகர் மனைப்பிரிவு 3,000க்கு ஏறும். அப்போது கடைவீதிக்காரர் ஒருவரின் ஓட்டு, புறநகரில் மூன்று பேரின் ஓட்டுக்குச் சமமாகிவிடும்.

திருத்தும்போது தெருவைப் பாதியில் வெட்டக் கூடாது. கணக்கெடுப்புக்காகப் பிரித்த சிறு பகுதிகளை முழுசு முழுசாகச் சேர்த்துக்கொண்டே போய், ஆறு, ரயில் பாதை, பெரிய சாலை வரும் இடத்தில் கோடு போட வேண்டும். பழைய கணக்கை வைத்துக் கோடு போட்டால், வரைந்த அன்றே புறநகர் வார்டு பிதுங்கி நிற்கும். வரைவு வெளியானதும் வரைபடத்தைவிட, ஒவ்வொரு வார்டுக்கும் எதிரே உள்ள மக்கள்தொகையை முதலில் பாருங்கள். அது எந்த ஆண்டுக் கணக்கு, மொத்த மக்களா வாக்காளர் மட்டுமா என்று கேளுங்கள். குழந்தைகள் அதிகமுள்ள பகுதி, வாக்காளர் கணக்கில் சிறுத்துப்போகும்.