பிடிச்ச எழுத்தாளர்கிட்ட கையெழுத்து வாங்கணும், ஆனா புது ஆளுங்க முன்னாடி நின்னாலே பதறுது. போகலாமா வேணாமா?

போங்கன்னுதான் சொல்லுவேன். உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச எழுத்தாளர் உங்க ஊர் புத்தகக் கடைக்கு கையெழுத்து போட வர்றாரு, ஆசையா இருக்கு, ஆனா யார் முன்னாடியாவது நின்னா கை நடுங்குது, வாய் வறண்டுடுது, உளறிடுவேனோன்னு பயமா இருக்கு, என்ன பேசறதுன்னும் தெரியலன்னு கேட்டிருக்கீங்க. எனக்கும் இதே பிரச்னை இருக்கு, சும்மா கூச்ச சுபாவம்னு விட்டுட முடியாத அளவுக்கு, டாக்டரே சோஷியல் ஆங்சைட்டின்னு பேர் சொன்ன அளவுக்கு. அதனால அனுபவிச்சுதான் சொல்றேன்.

நம்மள சுத்தி இருக்கறவங்க "அவரும் மனுஷன்தானே, என்ன பயம்"னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. எனக்கு அது ஒருநாளும் உதவினதில்ல. மனுஷங்களப் பாத்துதானே நமக்கு பயமே.

எனக்கு உதவினது வேற. கையெழுத்து வாங்கற மேஜைதான் நம்மள மாதிரி ஆளுங்களுக்கு இருக்கறதுலயே சுலபமான இடம்னு புரிஞ்சுது. யோசிச்சுப் பாருங்க, ஒரு கல்யாண வீட்டுக்குப் போனா எங்க உக்கார்றது, யார்கிட்ட பேசறது, என்ன பேசறது, எப்ப எந்திரிச்சா தப்பா நினைக்க மாட்டாங்க, எல்லாத்தையும் நாமளே முடிவு பண்ணணும், அதுதான் உயிர எடுக்கும். இங்க அதெல்லாம் கிடையாது. வரிசை இருக்கு, நடுவுல மேஜை இருக்கு, உங்க கைல புத்தகம், அவர் கைல பேனா, ரெண்டு பேருக்கும் என்ன வேலைன்னு முன்னாடியே முடிவாயிடுச்சு. கோயில்ல விபூதி வாங்கறப்ப குருக்கள்கிட்ட என்ன பேசறதுன்னு யாராவது தவிப்பாங்களா, கைய நீட்டறோம், வாங்கறோம், நகர்றோம், அவ்வளவுதான். கையெழுத்தும் அப்படி ஒரு விஷயம்தான். பின்னாடி ஆள் நிக்கறதால கிளம்பறதுக்குக்கூட காரணம் தேட வேண்டியதில்ல.

இது எனக்குப் புரியறதுக்கு சில வருஷம் ஆச்சு. ஒவ்வொரு ஜனவரியும் சென்னை புத்தகக் கண்காட்சிக்குப் போவேன், நான் உயிரா நினைக்கற எழுத்தாளர் சாயங்காலமா பதிப்பகத்து ஸ்டால்ல வந்து உக்காந்திருப்பார்னு தெரியும், எதிர் ஸ்டால்ல நின்னு ஏதாவது ஒரு புத்தகத்த புரட்டற மாதிரி அவரையே பாத்துட்டு வீட்டுக்கு வந்துடுவேன். அவர் பேரை இங்க சொல்லல, சொன்னா பேச்சு அவரோட எழுத்து பக்கம் போயிடும், உங்க கேள்வி அப்படியே நின்னுடும்.

அந்தக் கண்காட்சிக்குப் போனவங்களுக்குத் தெரியும், பப்பாசிங்கற பதிப்பாளர், புத்தக விற்பனையாளர் சங்கம் நடத்தறது, 1977-ல அண்ணா சாலை மதரசா ஸ்கூல்ல சின்னதா ஆரம்பிச்சது, இப்ப நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துல 900 ஸ்டால் வரைக்கும் வந்துடுச்சு. பொங்கல் லீவுல போனா தோள் இடிக்காம நடக்க முடியாது, மைக்ல அறிவிப்பு வந்துட்டே இருக்கும், கால் கீழ பலகை தடதடன்னு ஆடும். கூட்டம்னா பயப்படற ஆளுக்கு இதவிட மோசமான இடம் இல்லன்னு தோணும் இல்லையா, எனக்கு நேர்மாறா இருந்துச்சு. அத்தனை ஆயிரம் பேரும் புத்தக முதுகப் பாத்துட்டு நடக்கறாங்க, ஒருத்தர் கண்ணும் நம்ம மேல இல்ல. பத்து பேர் இருக்கற ஆபீஸ் மீட்டிங்குக்கு நடுங்கற நான் அங்க நிம்மதியா சுத்துவேன். நம்ம பயம் கூட்டத்தப் பத்தினது இல்ல, ஒருத்தர் நம்மள எடை போடறாரேங்கறதுதான் நம்ம பயம். உங்களுக்கும் அப்படித்தானான்னு ஒருதடவ யோசிச்சுப் பாருங்க, ஏன்னா அதப் பொறுத்து பண்ண வேண்டியது மாறும்.

எனக்கு இத சொல்லிக்குடுத்தது நான் பாத்த சைக்காலஜிஸ்ட் மேடம். 1995-ல டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ்னு ரெண்டு சைக்காலஜிஸ்டுங்க இந்த பயம் ஏன் தானா குறைய மாட்டேங்குதுன்னு ஒரு விளக்கம் குடுத்தாங்க, இன்னிக்கும் இங்கிலாந்து அரசோட சிகிச்சை வழிகாட்டியில அத வச்சு பண்ற சிபிடிதான், அதாவது நினைப்பையும் நடந்துக்கற விதத்தையும் மாத்தற பேச்சு சிகிச்சைதான், முதல் வரிசைல இருக்கு. அவங்க சொல்றது என்னன்னா, பதற்றம் வந்த உடனே நம்ம கவனம் மொத்தமும் உள்ள திரும்பிடுது. எதிர்ல இருக்கறவர் முகத்தப் பாக்கறதே இல்ல, கை நடுங்குதா, முகம் சிவந்துடுச்சா, குரல் எப்படி வருது, இதையேதான் கவனிச்சுட்டு இருப்போம். உள்ள எப்படி இருக்கோ அப்படியேதான் வெளிலயும் தெரியுதுன்னு முடிவு பண்ணிடுவோம், ஆனா உண்மைல அதுல பாதிகூட வெளில தெரியறது இல்ல. அதுக்கு மேல தப்பிக்கறதுக்குன்னு சில வேலை பண்ணுவோம், சொல்லப்போற வாக்கியத்த மனசுக்குள்ள திரும்பத் திரும்ப ஓட்டறது, போனையே பாக்கறது, கை நடுங்கறது தெரியக் கூடாதுன்னு பைய இறுக்கிப் பிடிக்கறது. பாதுகாப்புக்குன்னு பண்ற இதுதான் பயத்த சாகவிடாம வச்சிருக்கு. இறுக்கிப் பிடிச்சா இன்னும் நடுங்கும், ஒத்திகை பாத்துட்டே நின்னா எதிர்ல இருக்கறவர் பேசறது காதுல விழாது, அப்புறம் நிஜமாவே பதில் சொல்லத் தெரியாம நிப்போம்.

இத மேடம் சொன்னப்ப எனக்கு அந்த எழுத்தாளரோட நாவல்தான் ஞாபகம் வந்துச்சு. அதுல ஒரு அத்தை வருவாங்க, விசேஷ வீட்ல எல்லாரும் கூடத்துல உக்காந்து சிரிச்சுப் பேசிட்டிருப்பாங்க, இவங்க மட்டும் அடுப்படில வெங்காயம் உரிச்சுட்டே இருப்பாங்க, உரிச்சு முடிஞ்சா பூண்டு. கைல வேலையோட இருக்கறவங்கள யாரும் பேச்சுக்கு இழுக்க மாட்டாங்கல்ல. ரெண்டு பக்கம்கூட வராத பாத்திரம். நான் அந்தப் புத்தகத்த படிச்சது மதுரைல அப்பா ஆஸ்பத்திரில இருந்தப்ப, ராத்திரி வராண்டால உக்காந்து, பாக்க வர்ற சொந்தக்காரங்க பேசிடக் கூடாதேன்னு கைல புத்தகத்தோடயே இருந்த நாட்கள். அந்த அத்தையப் படிச்சப்ப, என்னை ஒருத்தர் பாத்திருக்கார்னு தோணுச்சு, பாத்துட்டு குறை எதுவும் சொல்லலன்னும் தோணுச்சு. அதுக்காகத்தான் அவரப் பாக்கணும்னு இருந்தேன், செல்ஃபிக்காக இல்ல.

சரி, முதல்முதலா அவர்கிட்ட கையெழுத்து வாங்கப் போன வருஷம் கண்காட்சில என்ன பண்ணேன்னு சொல்றேன். லீவு நாள விட்டுட்டு ஒரு வேலை நாள் சாயங்காலம் போனேன், புத்தகத்த முதல்லயே வாங்கி பில் போட்டு முடிச்சுட்டேன், ஏன்னா அந்தக் கூட்டத்துல சிக்னல் கிடைக்காம ஜிபே சுத்திட்டே இருக்கும், பின்னாடி நாலு பேர் உச்சு கொட்டுவாங்க, அங்கயே பாதி தெம்பு போயிடும். ஒரு துண்டுச் சீட்டுல என் பேர எழுதி முதல் பக்கத்துல சொருகிட்டேன். இது சின்ன விஷயமா தெரியலாம், ஆனா என் பேர்ல ண வருது, அந்த சத்தத்துல நான் மெதுவா பேர சொல்லி, அவர் "என்னம்மா?"ன்னு கேட்டு, மறுபடி சொல்லி, "மூணு சுழியா ரெண்டு சுழியா"ன்னு கேட்டு, இதுலயே நான் திரும்பி ஓடிடுவேன். சீட்டு இருந்தா பாத்து எழுதிடுவார். நிறைய கடைல அவங்களே சீட்டு எழுதி வைக்கச் சொல்றாங்க.

வரிசைல முதல் ஆளாவும் நிக்கல, கடைசி ஆளாவும் நிக்கல. கூட்டம் போகட்டும் கடைசியா போயிக்கலாம்னுதான் தோணும், என் அனுபவத்துல அது நமக்கு சரிப்படாது, கடைசில அவரோட நண்பர்கள், ரொம்ப நாள் வாசகர்கள் சுத்தி நின்னு பேச ஆரம்பிச்சிருப்பாங்க, அந்த வட்டத்துக்குள்ள நுழையறதுதான் நமக்கு மலை. நடுவுல நின்னா முன்னாடி போறவங்க என்ன பண்றாங்கன்னு பாக்கலாம், பாத்தா தெரியும், முக்கால்வாசி பேர் ஒரு வார்த்தை பேசாமதான் வாங்கிட்டுப் போறாங்க. ஒருத்தரையும் அவர் வினோதமா பாக்கல.

மேடம் ஒரு வேலை குடுத்திருந்தாங்க, வரிசைல நிக்கறப்ப உன்னைப் பாக்காத, அவரைப் பாரு, திரும்பி வந்து அவர் எப்படி இருந்தார்னு எனக்கு சொல்லணும்னு. அதனால பாத்தேன். சட்டைப் பைல கண்ணாடிக் கூடு துருத்திட்டு இருந்துச்சு. ஒவ்வொரு கையெழுத்துக்கும் தேதிய பக்கத்துல இருக்கற பையன்கிட்ட கேட்டுட்டே இருந்தார், கேட்டது மறந்து மறுபடி கேட்டார். மேஜைக்குக் கீழ ஒரு கால் ஆடிட்டே இருந்துச்சு. யாராவது ரொம்ப பாராட்டினா நிமிர மாட்டார், பேனா மூடிய திருகிட்டே "சந்தோஷம், சந்தோஷம்"னு சொல்லுவார். அதப் பாத்துட்டு இருக்கும்போதே என் நெஞ்சு படபடப்பு எங்கயோ பின்னாடி போயிடுச்சு, நிக்கல, ஆனா பின்னாடி போயிடுச்சு.

எழுதறவங்கள்லயும் நம்மள மாதிரி எத்தனையோ பேர் இருக்காங்க. 2004-ல இலக்கிய நோபல் வாங்கின ஆஸ்திரிய எழுத்தாளர் எல்ஃப்ரீட யெலினெக் தனக்கு சோஷியல் ஃபோபியா, அதாவது நம்மளோட இதே பயம், இருக்குன்னு சொல்லி ஸ்டாக்ஹோமுக்கே போகல, உரைய வீடியோவா பதிவு பண்ணி அனுப்பினாங்க. உலகத்துலயே பெரிய பரிசு, அதுக்கும் மேடை ஏற முடியாதுன்னு வெளிப்படையா சொன்னவங்க அவங்க. எனக்கு அவங்க மேல பெரிய மரியாதை.

என் முறை வந்துச்சு. சீட்டப் பாத்து பேர் எழுத ஆரம்பிச்சார். நான் "சார், அந்த அத்தை ஏன் வெங்காயம் உரிச்சுட்டே இருந்தாங்கன்னு எனக்கு உடனே புரிஞ்சுது"ன்னு சொன்னேன். குரல் நடுங்கிச்சு, நடுங்கினது அவருக்கும் கேட்டிருக்கும். பேனா நின்னுது. நிமிர்ந்து பாத்து "எந்த ஊரும்மா?"ன்னார். சாத்தூர் பக்கம்னேன். "நிறைய பேர் அவங்கள சமையல்காரம்மான்னு நினைச்சுட்டாங்க"ன்னு சொல்லிட்டு மறுபடி குனிஞ்சு எழுதினார். நான் நன்றி சொல்லி நகர்ந்துட்டேன். அவ்வளவுதான் நடந்துச்சு, எனக்கு அது போதும், இன்னிக்கு வரைக்கும் போதும்.

ஆனா இன்னொரு விஷயத்துக்கு நீங்க தயாரா இருக்கணும். போயிட்டு வர்றதவிட அன்னிக்கு ராத்திரிதான் கஷ்டம். நடந்தத மனசு திரும்பத் திரும்ப ஓட்டி, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கொஞ்சம் மோசமாக்கும், சிரிச்சாரே அது கேலியோ, சீக்கிரம் குனிஞ்சாரே அது எரிச்சலோன்னு. கிளார்க்கும் வெல்ஸும் இதையும் சொல்லியிருக்காங்க. அதனால நான் நந்தனம் மெட்ரோ ஸ்டேஷன்ல உக்காந்து போன்ல நடந்தத அப்படியே எழுதிட்டேன், அவர் என்ன சொன்னார், நான் என்ன சொன்னேன், என்ன பாத்தேன், அதுமட்டும், எனக்கு எப்படி இருந்துச்சுங்கறது ஒரு வரிகூட இல்ல. ராத்திரி மனசு அதோட வேலைய ஆரம்பிச்சப்ப அத எடுத்துப் படிச்சேன். கேலின்னு அதுல எங்கயுமே இல்ல.

மாத்திரை பத்தி யாராவது சொல்லுவாங்க, மேடை ஏறறதுக்கு முன்னாடி ப்ரோப்ரனலால் போட்டா கை நடுங்காதுன்னு. நீங்களா வாங்கிப் போட்டுடாதீங்க, ஆஸ்துமா இருக்கறவங்களுக்கு அது ஆபத்து, டாக்டர் கேட்டுட்டுதான் குடுப்பாங்க. இந்த பயம் கையெழுத்தோட நிக்காம வேலை, படிப்புன்னு எல்லாத்தையும் தடுக்குதுன்னா 14416-க்கு போன் பண்ணுங்க, டெலி மானஸ்னு அரசு நடத்தற மனநல உதவி எண், காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம். போன்ல பேசறதே கஷ்டம்னா கூட வீட்ல இருக்கற யாரையாவது முதல்ல பேசச் சொல்லிட்டு அப்புறம் நீங்க வாங்கிக்கலாம்.

உங்க ஊர் கடைங்கறதால உங்களுக்கு இன்னும் வசதி. முன்னாடி ஒருநாள் போய் புத்தகத்த வாங்கிட்டு, மேஜை எங்க போடுவாங்க, எந்தப் பக்கமா வரிசைன்னு கடைக்காரர்கிட்ட கேட்டுட்டு வந்துடுங்க. அன்னிக்கு கடை வாசல்வரைக்கும் போயும் முடியலன்னா புத்தகத்தையும் சீட்டையும் கடைக்காரர்கிட்ட குடுத்துட்டு வந்தா அவரே வாங்கி வச்சுடுவார், எத்தனையோ பேர் ஊர்ல இல்லாம அப்படித்தான் வாங்கறாங்க. ஆனா முதல்லயே அந்த வழிக்குப் போயிடாதீங்க, வரிசைல நின்னு பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க.

என்ன பேசறதுன்னு கேட்டிருந்தீங்க. அவர் பெரிய எழுத்தாளர்னு அவர்கிட்டயே சொல்ல வேண்டாம், அத எல்லாரும் சொல்லுவாங்க. புத்தகத்துல ஏதாவது ஒரு இடம், ஒரு ஆள், ஒரு சின்ன செய்கை உங்களோடயே தங்கியிருக்கும் பாருங்க, அதப் பத்தி ஒரு வரி. அத இன்னிக்கே அந்தப் பேர் சீட்டோட பின்பக்கத்துல எழுதி வச்சுடுங்க, எழுதிட்டா மனசுக்குள்ள ஒத்திகை பாத்துட்டே நிக்க வேண்டாம். மேஜைகிட்ட போனதும் குரல் வந்தா சொல்லுங்க, வரலன்னா சீட்டத் திருப்பி நீட்டுங்க, அவரே படிச்சுக்குவார்.