உதிரப்பட்டியும் உதவித்தொகையும்

மதிப்பிற்குரிய ஐயா,

வேலூர் மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். எங்களிடம் படித்து ராணுவத்தில் சேர்ந்த இளைஞர் ஒருவர் 24 வயதில் காஷ்மீரில் உயிரிழந்தார். திருமணம் ஆகாதவர். அவருடன் படித்தவர்கள் 4 லட்சம் ரூபாய் திரட்டி, அவர் பெயரில் பள்ளியில் ஓர் உதவித்தொகை ஏற்படுத்த முன்வந்துள்ளனர். பன்னிரண்டாம் வகுப்பில் முதலிடம் பெறுபவருக்குக் கொடுக்கலாம் என்கிறார்கள் சிலர். படைவீரர்களின் பிள்ளைகளுக்கு மட்டுமே கொடுக்க வேண்டும் என்கிறார்கள் வேறு சிலர். அவர்களுக்குத்தான் அரசே கொடுக்கிறதே, நாம் எதற்கு என்றும் ஒருவர் கேட்டார். தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்த இரண்டாம் நாள், 1971 டிசம்பர் 18 அன்று, போரில் உயிரிழந்த, காணாமற்போன, உடல் ஊனமுற்ற வீரர்களின் பிள்ளைகளுக்குக் கல்விச் செலவை ஏற்பதாக இந்திய அரசு மக்களவையில் அறிவித்தது. கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், புத்தகம், சீருடை என அனைத்தும் முதல் பட்டப்படிப்பு வரை அதில் அடங்கும். இலங்கைக்குச் சென்ற அமைதிப் படையில் உயிரிழந்தவர்களின் பிள்ளைகளுக்கும் பின்னாளில் அது நீட்டிக்கப்பட்டது. ஏழாவது ஊதியக் குழுவின் பரிந்துரையை ஒட்டி 2017இல் கல்விக் கட்டணத்துக்கும் விடுதிக் கட்டணத்துக்கும் சேர்த்து மாதம் 10,000 ரூபாய் என்று உச்சவரம்பு விதித்தார்கள். அன்றைய கடற்படைத் தளபதி சுனில் லன்பா, அதை நீக்கக் கோரிப் பாதுகாப்பு அமைச்சகத்துக்குக் கடிதம் எழுதினார். நிர்மலா சீதாராமன் பாதுகாப்பு அமைச்சராக இருந்த 2018 மார்ச்சில் அந்த வரம்பு நீக்கப்பட்டது. அந்தச் சில மாதங்களை நான் இன்னும் மறக்கவில்லை. தகப்பனின் உயிருக்கு வரம்பு கேட்காத அரசு பிள்ளையின் படிப்புக்கு வரம்பு கட்டியது என்ற வருத்தம் அப்போது எனக்குள் தைத்தது.

உயிர் கொடுத்தவனின் குடும்பத்துக்கு ஊர் பட்ட இந்தக் கடனைச் சொல்ல நமக்குப் பழைய சொல்லே இருக்கிறது. ஊருக்காகவோ அரசனுக்காகவோ போரிட்டு இறந்தவனுக்கு நடுகல் நட்டதை எல்லோரும் அறிவார்கள். அவன் குடும்பத்துக்கு நிலம் விட்டதையும் கல்வெட்டுகள் சொல்கின்றன. அந்த நிலத்துக்கு உதிரப்பட்டி என்று பெயர். இரத்தத்துக்கு ஈடாக ஊர் கொடுத்தது என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. அது பரிசும் அன்று, தருமமும் அன்று, கடன். அந்த நிலத்தைப் பெற, இறந்தவனின் மகன் எவ்வளவு நன்றாக உழுகிறான் என்று யாராவது பார்த்திருப்பார்களா?

அதனால்தான் முதல் மதிப்பெண் பெறுபவருக்கு என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. முதலிடம் பெறும் பிள்ளைக்குப் பரிசு கொடுக்க வேறு பெயர்களும் வேறு நிதிகளும் கிடைக்கும். 2006-07இல் தொடங்கிய பிரதமரின் கல்வி உதவித்தொகைத் திட்டத்தில்கூட எனக்கு ஒரு மனக்குறை உண்டு. முன்னாள் படைவீரர்களின் பிள்ளைகள், கணவரை இழந்த மனைவியர் என ஆண்டுக்கு 5,500 பேருக்கு அது கிடைக்கிறது. 2019 முதல் மாணவருக்கு மாதம் 2,500 ரூபாய், மாணவிக்கு 3,000 ரூபாய். போரில் உயிரிழந்தோரின் குடும்பத்துக்கு முன்னுரிமையும் இருக்கிறது. நல்ல திட்டம்தான். ஆனால் பன்னிரண்டாம் வகுப்பு போன்ற தகுதித் தேர்வில் 60 விழுக்காடு மதிப்பெண் வேண்டும், பொறியியல், மருத்துவம் போன்ற தொழிற்படிப்பில் சேர்ந்திருக்க வேண்டும். தகப்பனை இழந்த ஆண்டிலேயே பொதுத் தேர்வு எழுதி 55 வாங்கியவளுக்கும், தமிழோ வரலாறோ படிக்க ஆசைப்படுபவனுக்கும் அந்தக் கதவு திறப்பதில்லை. உங்கள் நிதி சிறியதுதான்; ஆனால் அங்கே விடுபட்டுப் போகிறவர்களை அது ஏற்றுக்கொள்ள முடியும்.

படைவீரர் பிள்ளைகளுக்கு மட்டும் என்பதிலும் எனக்கு முழு உடன்பாடு இல்லை. கார்கிலில் இறந்து பரம்வீர் சக்ரா பெற்ற விக்ரம் பத்ராவும் மனோஜ் குமார் பாண்டேயும் உங்கள் மாணவரைப் போலவே 24 வயதில், மணமாகாமல் போனவர்கள். பிள்ளைகளுக்கான சலுகை எவ்வளவு தாராளமாக இருந்தாலும் இத்தகையவர்களின் பெயரால் ஒரு குழந்தையும் படிக்கப் போவதில்லை. உங்கள் மாணவருக்கு அவர் படித்த பள்ளியின் பிள்ளைகள்தாம் வாரிசு. உயிரிழந்த வீரரின் பிள்ளை உங்கள் பள்ளியில் படித்தால் முதல் உரிமை அந்தப் பிள்ளைக்கு. அப்படி யாரும் இல்லாத ஆண்டில், கட்டணம் கட்ட வழியில்லாமல் கல்லூரிக்குப் போகாமல் நின்றுவிடக்கூடிய பிள்ளைக்குக் கொடுங்கள். யார் அந்த நிலையில் இருக்கிறார் என்பது வகுப்பாசிரியருக்குத் தெரியும்.

நடைமுறை பற்றிச் சிலவற்றை வலியுறுத்திச் சொல்ல வேண்டும். 4 லட்சத்தை ஏழு விழுக்காடு வட்டிக்கு வைப்பு வைத்தால் ஆண்டுக்கு 28,000 ரூபாய் வரும். அதைப் பத்துப் பேருக்குப் பிரித்தால் ஒருவருக்கும் பயன்படாது. ஒருவருக்கே முழுவதும் கொடுங்கள். அரசுச் சலுகையில் குடும்பம் முதலில் பணத்தைக் கட்டிவிட்டு, ஆண்டு முடிந்ததும் பள்ளியின் சான்றோடு விண்ணப்பித்துத் திரும்பப் பெற வேண்டியிருக்கிறது. கையில் பணம் இல்லாத தாய் அந்தப் பத்து மாதங்களை எப்படிக் கடப்பாள்? நீங்கள் சேர்க்கையின்போதே, கட்டணம் கட்டும் கடைசி நாளுக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். வீரர் குடும்பங்கள் உங்களிடம் வந்தால், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு அவர்களை அழைத்துச் சென்று அரசிடமிருந்து வரவேண்டியதையும் கேட்டுப் பெற்றுத் தாருங்கள். உங்கள் தொகை அதற்கு மாற்றாக ஆகிவிடக் கூடாது. மேடையில் பெரிய காசோலை அட்டையைப் பிடிக்கவைத்துப் படம் எடுக்க வேண்டாம். வாங்கும் பிள்ளைக்கு வறுமையைக் காட்டிக்கொள்ளும் கூச்சம் வரும். அதை அந்த இளைஞரும் விரும்பியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

பெயர்ப் பலகையில் பிறந்த தேதியும் இறந்த தேதியும் மட்டும் இருந்தால் போதாது. அவர் எந்த வகுப்பறையில் உட்கார்ந்தார், எந்தப் பாடத்தில் தடுமாறினார், என்ன விளையாடினார் என்பதை ஒரு பக்கத்தில் எழுதி, தொகை பெறும் பிள்ளையிடம் கொடுங்கள். விதிமுறைகளை அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய தாயாரைப் போய்ப் பாருங்கள். இந்தப் பணம் யாருக்குப் போக வேண்டும் என்று அவரிடமும் கேளுங்கள். அவர் சொல்வது நான் மேலே எழுதியதற்கு மாறாக இருந்தால், அவர் சொன்னபடியே செய்யுங்கள்.