சிங்கம் தூங்கியே கிடந்தால் என்ன செய்வது?

நண்பகலில் மிருகக்காட்சிசாலைக்குப் போய், சிங்கமும் புலியும் படுத்தே கிடந்ததால் மகள் அழுதுவிட்டாள் என்று எழுதியிருந்தீர்கள். படிக்கவே கஷ்டமாக இருந்தது. அவற்றுக்கு உடம்பு சரியில்லையோ என்ற சந்தேகம் வேண்டாம். சிங்கம் ஒரு நாளில் 20 மணி நேரம் வரைகூட ஓய்வெடுக்கும்.

அடுத்த முறை வாசல் திறக்கும்போதே போய்விடுங்கள். வழியில் எதற்கும் நிற்காமல் நேராகச் சிங்கம், புலி இருக்கும் பக்கம் நடங்கள். வெயில் ஏறுமுன் அவை நடமாட வாய்ப்பு அதிகம். யானைக்கு அவசரமில்லை, நாளின் பெரும்பகுதி அது தின்றுகொண்டுதான் இருக்கும். உணவு தரும் நேரங்களை நுழைவிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், இரவு விலங்குகளுக்கான கூடம் இருந்தால் அதை மதியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் அங்கே பகலில் விளக்கை மங்கலாக்கி, இரவில் வெளிச்சம் போட்டு நேரத்தையே மாற்றி வைத்திருப்பார்கள். அதனால் நடுப்பகலில் விழித்திருக்கும் விலங்குகளைப் பார்க்கலாம். உள்ளே போனதும் பத்து நிமிடம் பொறுங்கள், கண் இருட்டுக்குப் பழக வேண்டும். கைபேசி வெளிச்சம் மட்டும் கூடவே கூடாது. கண்ணாடியைத் தட்டி எழுப்பவும் விடாதீர்கள், பாவம் அவை.

ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்க நினைக்காதீர்கள். மகளுக்குப் பிடித்த நான்கைந்து விலங்குகள் போதும்.