போனில் நேராக இருக்கும் போட்டோ, டிஜிட்டல் ஃப்ரேமில் ஏன் படுத்துக்கொண்டு தெரிகிறது?

காரணம் எக்ஸிஃப். போட்டோ ஃபைலுக்குள்ளேயே ஒளிந்திருக்கும் சிறு குறிப்பு அது. எடுத்த தேதி, நேரத்தோடு, படத்தை எந்தப் பக்கம் திருப்பிக் காட்டவேண்டும் என்பதும் 1 முதல் 8 வரை ஓர் எண்ணாக அதில் இருக்கும்.

போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்தாலும் பல போன்களில் படம் படுக்கைவாட்டில்தான் பதிவாகிறது, கூடவே 6 என்று எழுதிவிடும், அதாவது வலப்பக்கமாக 90 டிகிரி திருப்பு. பெட்டி மேல் 'இந்தப் பக்கம் மேலே' என்று அம்புக்குறி ஒட்டுவது மாதிரி. போன் அதைப் படிக்கிறது. பழைய, மலிவான ஃப்ரேம்கள் பல படிப்பதில்லை.

சரி, தீர்வு? படத்தையே நிஜமாகத் திருப்பிச் சேமிப்பதுதான். கணினியில் ஜிம்ப் போன்ற படம் திருத்தும் மென்பொருளில் திறந்தால் 'திருப்பவா?' என்று அதுவே கேட்கும், ஆமாம் என்று சொல்லி ஜேபெக் ஆக ஏற்றுமதி செய்யுங்கள். அப்புறம், ஐபோன் படங்களைச் சேமிக்கும் ஹெய்க் (HEIC) வகை ஃபைல்கள் பல ஃப்ரேம்களில் திறக்கவே திறக்காது, அதற்கும் ஜேபெக்தான் வழி.

போன் கேலரியில் ஒருமுறை திருப்பிவிட்டாலே போதும் என்று பலர் நினைக்கிறார்கள். சில செயலிகள் அந்த எண்ணை மட்டும் மாற்றும், படம் அப்படியே இருக்கும்.