அமெரிக்காவில் ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டரை (காற்றிலுள்ள வெப்பத்தைக் கொண்டு நீரைச் சூடாக்கும் மின்சாதனம்) வாங்கிய பிறகு அரசுத் தள்ளுபடி பெற முடியுமா?

பொதுவாக முடியாது. 2022ஆம் ஆண்டின் பணவீக்கக் குறைப்புச் சட்டத்தின்கீழ் மாநிலங்கள் நடத்தும் மின்சாதனத் தள்ளுபடி, விற்பனையின்போதே விலையிலிருந்து கழிக்கப்படும் வகையில் வடிவமைக்கப்பட்டதே தவிர, ரசீதைக் காட்டிப் பின்னர் கேட்டுப் பெறுவதற்கானது அன்று. ஆகவே, உங்கள் மாநிலத்தில் திட்டம் நடைமுறையில் உள்ளதா, நிதி மீதமுள்ளதா என்பதை முன்பே விசாரித்து, ஒப்புதல் பெற்ற பின்னரே வாங்குங்கள்.

குடும்ப வருமானம் வட்டார இடைநிலை வருமானத்தில் (வட்டாரக் குடும்பங்களில் பாதி இதற்கு மேலும் பாதி இதற்குக் கீழும் ஈட்டும் தொகை) 80 விழுக்காட்டுக்குக் குறைவாக இருந்தால் முழுச் செலவும், 80 முதல் 150 விழுக்காடு வரை இருந்தால் பாதிச் செலவும், உச்சவரம்புக்கு உட்பட்டுக் கிடைக்கும். அதற்கு மேற்பட்டவர்களுக்கு எதுவும் இல்லை. வாட்டர் ஹீட்டருக்கு உச்சவரம்பு 1,750 டாலர், மின் அடுப்புக்கு 840 டாலர், ஒரு வீட்டுக்கு மொத்தம் 14,000 டாலர்.

பலரும் கவனிக்கத் தவறுவது மின் இணைப்பை. ஹீட் பம்ப் ஹீட்டருக்குப் பொதுவாகத் தேவைப்படும் 240 வோல்ட் இணைப்பு, எரிவாயு ஹீட்டர் இருந்த இடத்தில் பெரும்பாலும் இருக்காது. பழைய வீடாயின் மின்பலகையில் புதிய பிரேக்கருக்கு இடமும் இருக்காது. பலகையை மாற்ற 4,000 டாலர் வரையும், வயரிங்குக்கு 2,500 டாலர் வரையும் இதே திட்டத்தில் தனியாக ஒதுக்கப்பட்டிருப்பதால், எலக்ட்ரீஷியனின் மதிப்பீட்டையும் விண்ணப்பத்துடன் சேர்ப்பது நல்லது.

இத்தகைய ஹீட்டருக்கு மத்திய அரசு அளித்துவந்த 30 விழுக்காட்டு வருமான வரிச் சலுகை வேறு. அது 2025 டிசம்பர் 31உடன் முடிவுக்கு வந்துவிட்டது.