சாகச விளையாட்டு: படம் எடுக்க ஆள் எங்கே?

அன்புள்ள அக்கா,

எனக்கு ஓஎம்ஆரில் ஐடி வேலை. சில வருடங்களாகப் பறவைகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது மனிதர்கள் பறப்பதை எடுக்க ஆசை வந்துவிட்டது. சர்ஃபிங், ஸ்கேட்போர்டு, பைக் எதுவானாலும் சரி. பழைய 150-600 லென்ஸ் கையில் இருக்கிறது, ஆள்தான் இல்லை. பெயர் தெரிந்த வீரர்கள் பலருக்கு இன்ஸ்டாவில் செய்தி அனுப்பிப் பார்த்தேன். யாரும் பதில் போடவில்லை, ஒருவர் மட்டும் "உங்களுக்கு எத்தனை ஃபாலோயர்ஸ்?" என்று கேட்டார். ஞாயிறு காலை ஈசிஆர் போனால் வீலிங் பண்ணும் பையன்கள் கிடைப்பார்கள், கேமராவைப் பார்த்தாலே தூக்கிக் காட்டுவார்கள் என்கிறான் என் நண்பன். போகலாமா? இந்த வீரர்களை எப்படித்தான் பிடிப்பது?

கே., தாம்பரம்

*

அன்புள்ள கே.,

பெயர் தெரிந்த வீரருக்கு நீங்கள் தேவையில்லை. அவரை எடுக்க ஸ்பான்சரின் ஆள் இருக்கிறார், போட்டி நடத்துகிறவர்களின் போட்டோகிராபர் இருக்கிறார், கூடவே சுற்றும் நண்பர்கள் இருக்கிறார்கள். ஃபாலோயர்ஸ் கேட்டவர் மேல் கோபப்படாதீர்கள், அது அவருக்குப் பிழைப்பு. நீங்கள் தேட வேண்டியது, நாள் தவறாமல் பயிற்சி செய்துகொண்டிருந்தும் தன்னுடைய நல்ல படம் ஒன்றுகூடக் கையில் இல்லாத ஆளை. அப்படிப்பட்டவர்கள் உங்கள் வீட்டிலிருந்து பைக்கில் போகிற தூரத்தில் கூட்டமாகவே இருக்கிறார்கள்.

கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் போங்கள். (கேரளத்துக் கோவளம் இல்லை, நம்ம ஈசிஆர் கோவளம்.) மீனவரான மூர்த்தி மேகவன் தொடங்கிய சர்ஃபிங் பள்ளி கோவளத்தில்தான். இப்போது அந்தக் கரை நெடுக சர்ஃபிங் கற்றுத்தரும் இடங்கள் உண்டு. மாமல்லபுரத்தில் 2023 ஆகஸ்டில் உலக சர்ஃப் லீக்கின் தகுதிச் சுற்றுப் போட்டி நடந்தது, 2025 ஆகஸ்டில் ஆசிய சாம்பியன்ஷிப்பே நடந்தது. அவ்வளவு பேசப்படும் கரையில், சனி ஞாயிறுகளில் சென்னைக்காரர்களைப் போர்டில் படுக்கவைத்து அலையில் தள்ளிவிடும் இன்ஸ்ட்ரக்டர் பையன்களை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. அவர்களில் பலர் போட்டிகளில் இறங்குகிறவர்கள். வகுப்பு தொடங்கும் முன், விடிந்தும் விடியாத நேரத்தில், தங்களுக்காகக் கடலில் இறங்குவார்கள். நீங்கள் போக வேண்டிய நேரம் அது. ஒன்பது மணிக்குப் போனால் கத்துக்குட்டிகள் விழுவதைத்தான் எடுக்க முடியும்.

காலையில் போவதில் ஒரு சிக்கலும் உண்டு. விடியற்காலையில் காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசும், அலை சுத்தமாக எழுந்து நிற்கும். மதியத்துக்கு மேல் கடல்காற்று ஏறி அலையைக் கலைத்துவிடும். ஆக, நல்ல சர்ஃபர் இருக்கும் நேரம் காலை. ஆனால் நம் கரை கிழக்குக் கரை. காலையில் சூரியன் உங்கள் முகத்துக்கு நேரே நிற்கும், எடுத்ததெல்லாம் கறுப்பு நிழலுருவமாக வரும். ஒன்றிரண்டு என்றால் அழகு, நூறும் அப்படி என்றால் யாருடைய படம் என்றே தெரியாது. அதனால் நேர் எதிரே நிற்காமல் வடக்கே நன்றாகத் தள்ளி நின்று தென்கிழக்கே பாருங்கள். மே, ஜூன், ஜூலையில் சூரியன் வடகிழக்கை ஒட்டி உதிப்பதால் வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து ஆள் மேல் விழும். தெற்கிலிருந்து பெரிய அலைகள் வருவதும் அந்த மாதங்களில்தான். அவை பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்காக உடைந்துகொண்டே வருவதால், சர்ஃபர் உங்களை நோக்கித்தான் வருவார். டிசம்பரில் சூரியன் தென்கிழக்குக்குப் போய்விடும், அப்போது கணக்கு வேறு.

இன்னொரு விஷயம். வலது காலை முன்னால் வைத்து நிற்கும் சர்ஃபரைத் தேடுங்கள். அந்த அலையில் வடக்கு நோக்கிப் போகும்போது அவருடைய நெஞ்சும் முகமும் கரைப் பக்கம் இருக்கும். இடது காலை முன்வைப்பவர் அலையைப் பார்த்து நிற்பார், கரையில் இருக்கும் உங்களுக்கு அவருடைய முதுகுதான். வந்து அரைமணி நேரம் கேமராவைத் தொடாமல் யார் எந்தக் கால் என்று பார்த்துக்கொண்டிருந்தாலே போதும், எடுக்க வேண்டிய ஆள் தெரிந்துவிடுவார்.

சரி, பேச்சை எப்படித் தொடங்குவது? போர்டைத் தூக்கிக்கொண்டு கரையேறி வருகிறவரிடம் கேமராத் திரையைக் காட்டுங்கள். சர்ஃபர் தன்னைத் தானே பார்க்க முடியாது. பின்னங்கால் முட்டி எவ்வளவு மடங்கியது, திரும்பும்போது தோள் எங்கே பார்த்தது, இதெல்லாம் அவருக்குப் படத்தில்தான் தெரியும். அதனால் ஒரு திருப்பத்தை முழுக்கத் தொடர் படங்களாக எடுத்து, வரிசை குலையாமல் அன்றைக்கே வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், கல்யாண ஆல்பம் மாதிரி மூன்று மாதம் இழுக்காமல். படத்தின் நடுவில் உங்கள் பெயரைப் பெரிதாகப் பொறிக்க வேண்டாம்.

அப்புறம், எது நல்ல படம் என்று அவர்களையே கேளுங்கள். இது முக்கியம். தண்ணீர் பளபளக்க, கையை விரித்து நிற்கும் ஒரு படம் உங்களுக்குப் பிரமாதமாகத் தோன்றும். அவர் பார்த்துச் சிரிப்பார்: அலை முடிந்து நுரையில் வந்துகொண்டிருக்கிறார், கால் இரண்டும் குச்சி மாதிரி விறைத்திருக்கிறது, இதைப் போட்டால் கூட்டாளிகள் ஓட்டித் தள்ளிவிடுவார்கள். நீங்கள் அழிக்க நினைத்த ஒன்றை, போர்டின் ஓரம் அலைக்குள் முழுக்கப் புதைந்து முகம் பாதி மறைந்த படத்தை, "இதை அனுப்புங்க" என்பார். அந்த வித்தியாசம் கண்ணுக்குப் பிடிபட்டதும் நீங்கள் ஆள் தேட வேண்டியிருக்காது. நாளைக்குக் காற்று நன்றாக இருக்கிறது, வாங்க என்று அவர்களே கூப்பிடுவார்கள்.

கலிபோர்னியாவில் லீராய் கிரானிஸ் என்று ஒருவர், டெலிபோன் கம்பெனி ஊழியர். வயிற்றுப்புண் வந்தது. ஏதாவது பொழுதுபோக்கு வைத்துக்கொள் என்றார் டாக்டர். 1960-இல், நாற்பதைத் தாண்டிய வயதில், வீட்டுக் கார் ஷெட்டில் இருட்டறை அமைத்து ஹெர்மோசா பீச்சின் உள்ளூர்ப் பையன்களை எடுக்கத் தொடங்கினார். அறுபதுகளின் சர்ஃபிங் என்றதும் இன்று கண்முன் வருபவற்றில் பல அவருடைய படங்கள். சிறுவயது முதலே சர்ஃப் செய்தவர் என்பதால் யாரிடமும் அறிமுகம் தேவைப்படவில்லை. எழுபதுகளில் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் வறண்ட நீச்சல் குளங்களில் ஸ்கேட்போர்டு ஓட்டியவர்களை எடுத்த கிளென் ஃப்ரீட்மேனும் அப்போது பள்ளி மாணவர், அந்தக் கும்பலோடு சுற்றியவர். நீங்கள் வெளியாள். கூட இருந்துதான் அந்த இடத்தைப் பிடிக்க வேண்டும்.

போட்டிகளுக்கும் போங்கள், ஆனால் இறுதி நாளை விட்டுவிடுங்கள். அன்று கரை முழுக்க லென்ஸ். முதல் சுற்று நாளில் போனால் வந்திருக்கும் எல்லா வீரர்களையும் பார்க்கலாம். ஒவ்வொருவருக்கும் ஒரு நிறச் சட்டை. எந்த ஹீட்டில் (சிலர் மட்டும் ஒன்றாகக் கடலில் இறங்கி மோதும் ஆட்டம்) யாருக்கு எந்த நிறம் என்ற பட்டியலைப் போனில் படம் எடுத்துக்கொண்டால் பெயர் கிடைத்துவிடும். முதல் சுற்றிலேயே தோற்றவருக்கு அன்று வேறு வேலை இல்லை, அவரை யாரும் எடுத்திருக்கவும் மாட்டார்கள். போய்ப் பேசுங்கள்.

வீலிங் பையன்களிடம் போகாதீர்கள். உங்கள் நண்பர் சொன்னதிலேயே காரணம் இருக்கிறது: கேமராவைப் பார்த்தால் தூக்குகிறார்கள். அங்கே நீங்கள் நடப்பதை எடுக்கவில்லை, நடக்க வைக்கிறீர்கள். அதே சாலையில் குழந்தையை முன்னால் உட்காரவைத்துக்கொண்டு யாரோ ஸ்கூட்டரில் வந்துகொண்டிருப்பார்கள். பைக்தான் வேண்டும் என்றால் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக் இருக்கிறது, உங்களுக்கு அதிக தூரமும் இல்லை.

ஸ்கேட்போர்டு, பார்கூர் (சுவர், படிக்கட்டு என்று தாவி ஓடும் விளையாட்டு) எடுக்கும்போதும் "இன்னொரு தடவை பண்ணுங்க" என்று கேட்காதீர்கள். கடலில் அந்தத் தொல்லை குறைவு, அடுத்த அலை எப்போது என்று கடல்தான் முடிவு செய்யும். படிக்கட்டில் குதிக்கிறவர் உங்களுக்காகக் குதிப்பார், களைத்த காலோடு. உங்களுக்கு ஃபோகஸ் போனதற்கு அவர் முட்டி போகக் கூடாது.

பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் அப்பா அம்மாவிடமும் கோச்சிடமும் கேட்டுவிட்டு எடுங்கள். பெண் பிள்ளைகளை எடுத்தால், எது வெளியே போகலாம் என்பதை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். நனைந்த உடையில் இருக்கும் தங்களை நீண்ட லென்ஸோடு ஒரு ஆண் எடுக்கிறார் என்பது அவர்களுக்கு எப்படி இருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. கம்பெனி எதற்காவது படத்தைக் கொடுப்பதானால் எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். கோவளத்துக் காலை மீனவர்களின் வேலை நேரம். காயப்போட்ட வலையை மிதிக்காதீர்கள், ட்ரைபாடைப் படகு ஏற்றும் வழியில் வைக்காதீர்கள். சர்ஃப் பண்ணும் பையனின் சித்தப்பாவாகத்தான் இருப்பார் அந்தப் படகுக்காரர்.

உங்கள் லென்ஸ் தாராளமாகப் போதும். ஷட்டர் 1/1600-க்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், வெளிச்சம் போதாவிட்டால் ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறன் அளவை) ஏற்றுங்கள். கடற்கரையில் லென்ஸ் மாற்ற வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியால் உப்பைத் துடைத்துவிட்டு, காய்ந்த பிறகு கேமராப் பைக்குள் வையுங்கள்.

அன்புடன்,
அக்கா