ஆறு வார அக்கா

கேள்வி: நான் மழலையர் பள்ளி ஆசிரியை, வயது 27. அடுத்த கோடை விடுமுறையில் ஆறு வாரம் நேபாளத்திலோ கம்போடியாவிலோ ஒரு அநாதை இல்லத்தில் தங்கி, 2 முதல் 6 வயது வரையுள்ள குழந்தைகளைக் கவனித்துக்கொள்ளவும் அவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தரவும் ஆசைப்படுகிறேன். ஒரு ஏஜென்சியில் முன்பணமும் கட்டிவிட்டேன். "அனுபவம் தேவையில்லை, அன்பு இருந்தால் போதும்" என்கிறார்கள். நான் எப்படித் தயாராக வேண்டும்? எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்: எப்படித் தயாராவது என்று கேட்கிறீர்கள். நான் அதற்கு முந்தின கேள்விக்குப் பதில் சொல்லப்போகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். வெளிநாடு போங்கள். சொல்லிக்கொடுங்கள். ஆறு வாரத்தையும் தாராளமாகச் செலவிடுங்கள். ஆனால் குழந்தைகள் இரவு பகலாகத் தங்கி வளரும் இல்லத்துக்குள், அவர்களைத் தூக்கி, ஊட்டி, தூங்கவைக்கும் வேலைக்கு மட்டும் போகாதீர்கள்.

எனக்கும் 23 வயதில் இதே ஆசை வந்தது. ஒரு மாதம் போய் இருந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி ஓடிவந்து என் விரலைப் பிடித்துக்கொண்டாள். அரை மணி நேரத்தில் மடியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. மூன்று நாள் கழித்துத்தான் உறைத்தது, அவள் என்னை வேறு யாரோ ஒருவரின் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு முன்னால் வந்துபோன தன்னார்வலரின் பெயர் அது. கிளம்பும் நாளில் நான் தேம்பித் தேம்பி அழுதேன். அவள் அழவில்லை. அன்று காலை வந்து இறங்கியிருந்த அடுத்த அக்காவின் பையில் ஜிப்பைத் திறந்து என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

மழலையர் வகுப்பின் முதல் நாளை நீங்கள் வருஷா வருஷம் பார்க்கிறவர். மூன்று வயதுக் குழந்தை என்ன செய்யும்? அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு உங்களை ஓரக்கண்ணால் பார்க்கும். உங்களிடம் வர ஒரு வாரமாவது ஆகும். அதுதான் ஆரோக்கியம். தனக்கென்று ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்த குழந்தைதான் அந்நியரைக் கண்டு ஒதுங்கும். வந்த எல்லார் மடியிலும் ஏறுகிற குழந்தை, ஆள் மாறி ஆள் மாறிப் பழகிப்போன குழந்தை. நாம் அதைப் பாசம் என்று நினைத்துப் படம் எடுத்துக்கொள்கிறோம்.

1969-இல் இங்கிலாந்தில் ஜேம்ஸ் ராபர்ட்சன், ஜாய்ஸ் ராபர்ட்சன் தம்பதியர் இதைக் கண்முன்னே படம்பிடித்துக் காட்டினார்கள். 17 மாதப் பையன். அம்மா அடுத்த பிரசவத்துக்கு மருத்துவமனை போனதால் ஒன்பது நாள் ஒரு குழந்தைகள் இல்லத்தில் விடப்பட்டான். அங்கே இருந்த தாதிகள் நல்ல பெண்கள்தான், யாரும் அவனை அடிக்கவில்லை, திட்டவில்லை. ஆனால் இன்று ஒருத்தி ஊட்டுவாள், நாளை இன்னொருத்தி. அவன் ஒவ்வொருத்தியாகத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளப் பார்க்கிறான். அவள் ஷிஃப்ட் முடிந்து போய்விடுகிறாள். கடைசியில் பெரிய பொம்மைக் கரடி ஒன்றைக் கட்டிக்கொண்டு படுத்துக் கிடக்கிறான். ஒன்பதாம் நாள் அம்மா வந்தபோது அவளிடம் போக மறுத்துக் கத்தித் திமிறினான். வெறும் ஒன்பது நாள். அந்த இல்லத்திலேயே வளர்ந்த மற்றக் குழந்தைகள் படத்தில் எப்படி இருக்கிறார்கள் தெரியுமா? முட்டி மோதி, தாதியின் கவனத்தைப் பிடுங்கிக்கொள்ளத் தெரிந்தவர்களாக.

அப்புறம் ருமேனியா. புகாரெஸ்ட் நகரத்து இல்லங்களில் இருந்த 136 சின்னக் குழந்தைகளை வைத்து 2000-ஆம் ஆண்டுவாக்கில் ஓர் ஆய்வு தொடங்கியது. பாதிப்பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள், மீதிப்பேர் வழக்கமான ஏற்பாட்டிலேயே தொடர்ந்தார்கள். சில ஆண்டுகள் கழித்து அளந்து பார்த்தபோது, குடும்பத்துக்குப் போனவர்களின் அறிவுத்திறன் அளவெண் கூடுதலாக இருந்தது. இரண்டு வயதுக்கு முன்பே போனவர்களுக்கு இன்னும் நல்ல பலன். ஒருவர் முகத்தையே தினமும் பார்த்து வளர்வது குழந்தைக்குச் சோறு மாதிரி. நீங்கள் எவ்வளவு அன்பானவர் என்பது இங்கே கணக்கில் வரவில்லை. ஏழாவது வாரம் நீங்கள் இருக்க மாட்டீர்கள் என்பதுதான் கணக்கு.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் பணம்.

'அநாதை' என்ற சொல்லைக் கேட்டதும் அப்பா அம்மா இருவரும் இல்லாத பிள்ளை என்றுதான் நம் மனசில் ஓடும். யூனிசெஃப் கணக்கெடுக்கும்போது ஒருவரை இழந்த குழந்தையும் அந்தச் சொல்லுக்குள் வந்துவிடுகிறது. அப்படி எண்ணித்தான் 2015-இல் உலகம் முழுக்க ஏறத்தாழ 14 கோடி என்றார்கள். அதில் இருவரையும் இழந்தவர்கள் சுமார் 1.5 கோடிப் பேர்தான். கம்போடியாவில் 2005-க்கும் 2010-க்கும் இடையே இல்லங்களின் எண்ணிக்கை 75 சதவீதம் கூடியது. அந்த ஐந்து ஆண்டில் அங்கே பெற்றோர் யாரும் கூட்டமாகச் செத்துப்போகவில்லை, சுற்றுலாப் பயணிகள்தான் பெருகினார்கள். இல்லங்களில் இருந்த குழந்தைகளில் நான்கில் மூன்று பேருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருந்தார். நேபாளத்தில் 1996 முதல் 2006 வரை நடந்த உள்நாட்டுப் போரின்போது, தரகர்கள் மலைக் கிராமங்களுக்குப் போய், "பிள்ளையை நகரத்தில் நல்ல பள்ளியில் சேர்க்கிறோம்" என்று பெற்றோரிடம் பணமும் வாங்கிக்கொண்டு குழந்தைகளைக் கூட்டிவந்தார்கள். வந்து சேர்ந்த இடம் காத்மாண்டு இல்லங்கள். காகிதத்தில் பெற்றோர் இறந்துவிட்டார்கள். இன்றும் அந்த நாட்டில் இல்லங்கள் பெரும்பாலும் வெளிநாட்டவர் வந்து போகும் மாவட்டங்களில்தான் குவிந்திருக்கின்றன, ஏழ்மை அதிகமுள்ள மாவட்டங்களில் அல்ல.

எல்லா இல்லமும் இப்படி என்று சொல்லவில்லை. வேறு வழியே இல்லாத குழந்தைகளை நேர்மையாக வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் நீங்கள் கட்டும் கட்டணம், வாசலில் குழந்தைகள் நிற்க வேண்டும் என்பதற்கான ஒரு காரணமாகிவிடுகிறது. ஆஸ்திரேலியா 2018-இல் நவீன அடிமைமுறைச் சட்டம் கொண்டுவந்தபோது, இல்லங்களை நிரப்பக் குழந்தைகளைக் கடத்துவதையும் அடிமைமுறையின் ஒரு வடிவமாக ஏற்றுக்கொண்டது. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய குழந்தை உரிமைத் தீர்மானத்தில், அநாதை இல்லத் தன்னார்வத் திட்டங்களால், சுற்றுலாவை ஒட்டியவற்றாலும், வரும் தீங்கைத் தடுக்க வேண்டும் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள்.

சரி, முன்பணம் கட்டியாயிற்று. இப்போது என்ன செய்வது?

ஏஜென்சியிடம் முதலில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அடுத்த வாரமே வரலாமா?" ஆமாம் என்றால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது. காவல்துறை நன்னடத்தைச் சான்று, இரண்டு பேரின் பரிந்துரை, ஒரு நேர்காணல், இவை எதுவும் இல்லாமல் உங்களை உள்ளே விடுகிறவர்கள் யாரை வேண்டுமானாலும் உள்ளே விடுவார்கள். குழந்தைகளுக்குத் தீங்கு செய்கிற ஆட்கள் இப்படிப்பட்ட கதவைத்தான் தேடிக்கொண்டிருப்பார்கள். "அன்பு இருந்தால் போதும்" என்பது கேட்க இனிக்கிறது. உங்கள் பள்ளியில் ஆயா வேலைக்கு ஒருவர் இப்படிச் சொல்லிக்கொண்டு வந்தால் சேர்ப்பீர்களா?

அதைத் தாண்டினால், இந்த இல்லத்தில் எத்தனை குழந்தைகளுக்குப் பெற்றோர் இருக்கிறார்கள், அவர்கள் கடைசியாக எப்போது வந்து பார்த்தார்கள், போன வருஷம் எத்தனை பேர் வீடு திரும்பினார்கள் என்று கேளுங்கள். நல்ல இல்லம் வீடு திரும்பியவர்களைப் பற்றிப் பெருமையாகப் பேசும். மற்ற இல்லம் "குழந்தைகள் உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள்" என்று பேச்சை மாற்றும். இரண்டு வயதுக் குழந்தையை இரவில் தூங்கவைப்பது யார் என்றும் கேளுங்கள். ஒரு பெயர் சொன்னால் நல்லது. "எல்லாரும் சேர்ந்துதான்" என்றால் யாருமில்லை என்று அர்த்தம். மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தையைக் குடும்பச் சூழலில்தான் வளர்க்க வேண்டும் என்று 2009-இலேயே ஐ.நா. வழிகாட்டு நெறிகள் சொல்லிவிட்டன. அந்த வயதுக் குழந்தைகள் கூட்டமாக இருப்பதே யோசிக்க வேண்டிய விஷயம்.

இப்போது உங்கள் கையில் உள்ள சரக்கைப் பற்றி. உங்களுக்கு ஆங்கிலம் தெரியும் என்பது பெரிய விஷயமில்லை. நான் இருந்த இல்லத்தில் அட்டையைத் தூக்கும் முன்பே பிள்ளைகள் "ஏ ஃபார் ஆப்பிள்" என்று கத்துவார்கள். என்ன புத்திசாலிகள் என்று வியந்தேன். எனக்கு முன் வந்த ஒவ்வொருவரும் 'ஏ'யிலிருந்து தொடங்கிவிட்டுப் போயிருந்தார்கள், அவ்வளவுதான். 'எம்'முக்கு அப்பால் ஒருவருக்கும் எழுத்து தெரியாது. நீங்கள் கொண்டுபோக வேண்டியது வேறு: இருபது வாண்டுகளை ஓர் அறையில் கத்தாமல் உட்காரவைக்கும் வித்தை. அதை அங்கேயே இருக்கப்போகிற பெரியவர்களுக்குக் கொடுங்கள்.

அதாவது, மாலையில் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விடும் பகல்நேரக் காப்பகமாகவோ பாலர் பள்ளியாகவோ பார்த்துக் கேளுங்கள். அங்கே உள்ளூர் ஆசிரியைதான் முன்னால் நிற்க வேண்டும். முதல் வாரம் நீங்கள் பின் பெஞ்சில் வாயைத் திறக்காமல் உட்காருங்கள். அவருக்கு என்ன வருகிறது, எங்கே தடுமாறுகிறார் என்று பாருங்கள். இரண்டாம் வாரத்திலிருந்து பள்ளி விட்டபின் அரைமணி நேரம் அவரோடு சேர்ந்து அட்டை வெட்டுங்கள், கதை தயாரியுங்கள், அவர்கள் மொழியில்தான். துணிப் பையில் ஒரு பொருளைப் போட்டுத் தடவிப் பார்த்துப் பெயர் சொல்லும் விளையாட்டை நீங்கள் நடத்திக் காட்டினால் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். அவருக்குக் கற்றுக்கொடுத்தால் பத்து வருஷம் ஓடும். சின்னப் பிள்ளை விழுந்து அழுதால் நீங்கள் ஓடிப்போய்த் தூக்காதீர்கள், அதன் ஆசிரியையிடம் கூட்டிப்போங்கள். கல்நெஞ்சு மாதிரித் தோன்றும், பழகிவிடும்.

விடைபெறுவதையும் முதல் நாளே தொடங்க வேண்டும். ஆறு வாரத்துக்கும் கட்டம் போட்ட தாளைச் சுவரில் ஒட்டி, தினம் ஒரு கட்டத்தைப் பிள்ளைகளையே அடிக்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் தூங்கும்போது நழுவிப் போகாதீர்கள். திரும்பி வருவது உறுதியில்லை என்றால் "மறுபடி வருவேன்" என்று சொல்லாதீர்கள். அப்படி ஒரு வார்த்தையை நானும் சொல்லிவிட்டு வந்தவள்தான்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விசா: சம்பளம் இல்லை என்பதால் சுற்றுலா விசா போதும் என்று ஏஜென்சி சொன்னால் நம்பாதீர்கள். நேபாளத்தில் சுற்றுலா விசாவில் தன்னார்வப் பணி செய்ய அனுமதி இல்லை. தாய்லாந்தில் கூலியில்லா வேலைக்கும் பணி அனுமதி வேண்டும். தூதரகத்திடம் நேரடியாகவே கேட்டுக்கொள்ளுங்கள். தடுப்பூசி: தட்டம்மை, கக்குவான் இருமல், சின்னம்மை, ஹெபடைடிஸ் ஏ, பி எல்லாம் போட்டிருக்கிறதா என்று மருத்துவரிடம் சரிபாருங்கள், காசநோய்ப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். இது உங்களுக்காக மட்டும் இல்லை. நீங்கள் கொண்டுபோகும் சாதாரண இருமல் அங்கே ஒரு கைக்குழந்தையைப் படுக்கவைத்துவிடும். படம்: குழந்தையின் முகம் தெரியும் எதையும் பதிவிடாதீர்கள், இல்லத்துக்காரர்கள் சரி என்றாலும்கூட. குழந்தையின் முகத்துக்கு அவர்கள் சம்மதம் தர முடியாது.

முன்பணத்தை முழுதாகத் திருப்பித் தர மாட்டார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். முதலில் இடத்தை மாற்றித்தரச் சொல்லிக் கேளுங்கள், பல ஏஜென்சிகள் அதற்குச் சம்மதிக்கும். இப்படி எழுதலாம்:

"நான் மழலையர் பள்ளி ஆசிரியை. தங்கும் இல்லத்துக்குப் பதிலாக, பிள்ளைகள் தினமும் வீடு திரும்பும் பாலர் பள்ளி ஒன்றில், அங்குள்ள ஆசிரியைக்கு உதவியாக ஆறு வாரம் இருக்க விரும்புகிறேன். நன்னடத்தைச் சான்றும் என் பள்ளியின் பரிந்துரைக் கடிதமும் இணைத்திருக்கிறேன். அந்தப் பள்ளி ஆசிரியைக்கு உண்மையிலேயே எந்த உதவி தேவை என்று அவரிடமே கேட்டுச் சொல்ல முடியுமா?"

கடைசி வரியை எடுத்துவிடாதீர்கள். அதற்கு என்ன பதில் வருகிறது என்று பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.